ஓர் இறக்கை மட்டும் மடங்கினால்

1985-ஆம் ஆண்டின் இறுதியில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படத்தை முதன்முறை பார்ப்பவர் அதை ஒட்டுவேலை என்றே நினைப்பார். அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14 டாம்கேட் போர் விமானம் வானத்தில் இருக்கிறது. அதன் ஒரு பக்க இறக்கை முழுமையாக விரிந்து நிற்க, மறுபக்க இறக்கை உடலோடு ஒட்டிப் பின்னால் மடங்கிக் கிடக்கிறது. ஒரு சிறகில் அடிபட்ட கொக்கைப் போன்ற தோற்றம்.

படம் உண்மையானதுதான். விமானத்தைத் தயாரித்த கிரம்மன் நிறுவனத்தின் சோதனை விமானி சக் சுவெல் வேண்டுமென்றே அப்படிப் பறந்தார். ஓர் இறக்கையை முழுதும் விரிந்த நிலையான 20 டிகிரி பின்சாய்வில் பூட்டி வைத்துவிட்டு, மற்றதை ஒவ்வொரு பறத்தலுக்கும் இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளி, கடைசியில் 68 டிகிரி வரை கொண்டுபோனார்கள். இரண்டு இறக்கைகளில் ஒன்று நகராமல் நின்றுபோனால் விமானி வீடு திரும்ப முடியுமா என்பதே கேள்வி. விமானம் பறந்தது, திரும்பியது, கட்டுப்பாட்டுக்கும் அடங்கியது.

மடங்கும் இறக்கை விமானங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது, "கீல் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் இந்த விமானங்களின் விபத்து வரலாற்றைப் புரட்டினால், கீல் பெரும்பாலும் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. இறக்கை நகர்ந்துவிட்டது, அதற்கு ஏற்ப நகர வேண்டிய இன்னொன்று நகரவில்லை. எரிபொருள், ஃப்ளாப் (மெதுவாகப் பறக்கும்போது தூக்குவிசையைக் கூட்ட இறக்கையின் பின்விளிம்பிலிருந்து கீழே இறக்கும் தகடு), வால், எஞ்சினுக்குள் போகும் காற்று, விமானியின் இடது கை என்று அந்த இன்னொன்று ஒவ்வொரு விபத்திலும் ஒவ்வொன்றாக இருந்தது.

இறக்கையை ஏன் மடக்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்கலாம். மெதுவாகப் பறக்கும்போது நீளமாக, நேராக விரிந்த இறக்கைதான் அதிகத் தூக்குவிசை தரும். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது அதே இறக்கை பெரும் சுமையாகிவிடும். பின்னால் சாய்ந்த இறக்கைதான் அங்கே காற்றைக் குறைந்த இழுவையோடு கிழித்துப் போகும். விமானந்தாங்கிக் கப்பலின் குறுகிய தளத்தில் இறங்கவும் வேண்டும், ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் விரட்டவும் வேண்டும் என்று ஒரே விமானத்திடம் கேட்டால், இறக்கையை நகர்த்துவது ஒரு விடை. டாம்கேட்டின் இறக்கை விரிந்திருக்கும்போது முனைக்கு முனை 19.5 மீட்டருக்குச் சற்று அதிகம், மடக்கினால் 11.7 மீட்டருக்குள் அடங்கிவிடும்.

இந்த விடைக்கான விலை முதலில் தெரிந்தது பெல் எக்ஸ்-5 என்ற சோதனை விமானத்தில். 1951-இல் பறந்த அது, பறக்கும்போதே இறக்கையை 20 முதல் 60 டிகிரி வரை மாற்றக்கூடியது. இறக்கை பின்னால் போகும்போது தூக்குவிசை செயல்படும் மையமும் பின்னால் போகிறது. எடையின் மையமோ ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கிறது. விளைவு, மூக்கு கீழே அமுங்கும். அதைச் சரிக்கட்ட எக்ஸ்-5-இல் இறக்கையின் அடிப்பகுதி முழுவதையும் தண்டவாளத்தில் வைத்ததுபோல முன்னால் நகர்த்தினார்கள். வேலை செய்தது, ஆனால் கனமும் சிக்கலும் கூடின. இறக்கையை 60 டிகிரிக்கு மடக்கிய நிலையில் அந்த விமானம் சுழலில் விழுந்தால் மீள்வது கடினம் என்பதும் தெரிந்தது. 1953 அக்டோபரில் அப்படியொரு சுழலில் விமானப்படை விமானி மேஜர் ரேமண்ட் பாப்ஸன் உயிரிழந்தார்.

நாசாவின் லாங்லி ஆய்வகத்தில் 1950-களின் இறுதியில்தான் தீர்வு கிடைத்தது. கீலை உடலின் நடுவில் வைக்காமல் இரண்டு பக்கமும் வெளியே தள்ளி வை. அதற்கு உட்புறம் அசையாத ஒரு முக்கோணத் துண்டை விட்டுவை. தூக்கு மையம் அலைவது வெகுவாகக் குறைந்துவிடும். பின்னால் வந்த எஃப்-111, டாம்கேட், மிக்-23, டொர்னாடோ எல்லாமே இந்த யோசனையின் பிள்ளைகள்தான். ஆனால் அலைச்சல் குறைந்ததே தவிர ஒழியவில்லை. டாம்கேட்டில் அசையாத பகுதியின் விளிம்பிலிருந்து மாக் 1.4-க்கு (ஒலியைப் போல 1.4 மடங்கு வேகத்துக்கு) மேல் தானாக வெளியே நீளும் சின்ன முக்கோணத் தகடுகளையே வைத்தார்கள், மூக்கு அமுங்குவதைத் தணிக்க. அவை தந்த பயனை விடப் பராமரிப்புத் தொல்லை பெரிது என்று பிற்காலத்தில் பூட்டிவிட்டார்கள்.

எடைக்கும் தூக்குக்கும் இடையிலான இந்தக் கயிறிழுப்பு எவ்வளவு கொடியது என்பதற்கு பி-1ஏ விபத்தை விடத் தெளிவான சாட்சி இல்லை. அது குண்டுவீச்சு விமானம், போர் விமானம் அல்ல; இருந்தாலும் பாடம் ஒன்றுதான். 1984 ஆகஸ்ட் 29 அன்று கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்துக்கு அருகே குறைந்த வேகச் சோதனைக்காக இறக்கையை 55 டிகிரியிலிருந்து 15 டிகிரிக்கு முன்னால் கொண்டுவந்தார்கள். தூக்கு மையம் முன்னால் வந்தது. அதோடு கூடவே தொட்டிகளுக்கு இடையே எரிபொருளை முன்னால் மாற்றியிருக்க வேண்டும், அது நடக்கவில்லை. வால் பக்கம் கனத்துப்போய், மூக்கு மேலே எழும்பி, விமானம் தூக்கிழந்தது. விமானிகள் இருந்த அறை முழுவதும் தனியே பிரிந்து பாராசூட்டில் இறங்கும் அமைப்பு அதில் இருந்தது. பாராசூட்டுகள் சரியான நிலைக்கு வராததால் அந்த அறை மூக்குக் குத்தலாகத் தரையில் மோதியது. தலைமைச் சோதனை விமானி டக் பெனிஃபீல்டு இறந்தார், மற்ற இருவரும் படுகாயமடைந்தனர். இறக்கை சொன்னபடி நகர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு பழுதும் இல்லாத கீலோடு விழுந்த விமானம் அது.

டாம்கேட்டின் வடிவமைப்பாளர்கள் இந்தப் பொறுப்பை விமானியின் கையிலிருந்து பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். வேகத்தையும் உயரத்தையும் அளந்து இறக்கை எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்பதை ஒரு கணினி முடிவு செய்யும். அதற்காக 1970 வாக்கில் ரே ஹோல்ட்டும் ஸ்டீவ் கெல்லரும் உள்ளிட்ட குழு உருவாக்கிய சில்லுத் தொகுதி, உலகின் முதல் மைக்ரோபிராசஸர்களில் ஒன்று என்று சொல்லப்படும் தகுதி கொண்டது. 1998 வரை அது ராணுவ ரகசியமாகவே கிடந்ததால் அந்தப் பெருமையை உரிய காலத்தில் கோர முடியவில்லை.

இறக்கைகளை நகர்த்துவது ஹைட்ராலிக் மோட்டார்கள், அதாவது திரவ அழுத்தத்தில் இயங்குபவை. ஒவ்வொரு பக்கமும் ஒரு மோட்டார் ஒரு கனத்த திருகுத் தண்டைச் சுழற்றும். தண்டு நீளும், சுருங்கும். இறக்கை கீலில் திரும்பும். இரண்டு பக்கத்தையும் உடலின் குறுக்கே ஓர் இணைப்புத் தண்டு பிணைத்திருக்கிறது. ஒரு மோட்டார் செத்துவிட்டாலும் மற்றது இந்தத் தண்டின் வழியாக இரண்டு இறக்கைகளையும் மெதுவாக இழுத்துக்கொண்டுவரும். ஆகவே ஒருபக்க மடக்கம் நேர வேண்டுமானால் மோட்டார் நிற்பது மட்டும் போதாது. இணைப்பும் அறுந்திருக்க வேண்டும். கணினி தவறினால், எஞ்சினின் உந்துவிசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் அவசரக் கைப்பிடி. அதைப் பிடித்தால் விமானியின் கை சொன்ன கோணத்துக்கு இறக்கை போகும். கூடாத வேகத்தில் கூடாத கோணத்தைக் கேட்டால் "வேண்டாம்" என்று தடுக்க அந்த நேரத்தில் கணினி குறுக்கே நிற்காது.

சோவியத்தின் மிக்-23-இல் இந்த ஆடம்பரம் ஏதும் இல்லை. 16, 45, 72 டிகிரி என மூன்றே நிலைகள். விமானி தன் கையால் மாற்ற வேண்டும். ஒரு வேடிக்கையும் உண்டு. பின்னால் இறக்கையின் வடிவத்தை மாற்றியபோது உண்மைக் கோணங்கள் ஏறக்குறைய 18.7, 47.7, 74.7 ஆகிவிட்டன. காக்பிட்டில் இருந்த அளவுகோலையும் கையேடுகளையும் யாரும் மாற்றவில்லை. விமானிகள் கடைசி வரை பொய் எண்களை நம்பிச் சரியாகவே பறந்தார்கள்.

கீலே முறிந்த கதை ஒன்றும் உண்டு. அதை ஒதுக்கிவிட்டுப் பேசினால் நேர்மையாக இராது. 1969 டிசம்பர் 22. நெவாடாவின் நெல்லிஸ் பயிற்சிக் களத்தில் ஓர் எஃப்-111ஏ தாழப் பறந்து மேலெழும்போது அதன் இடது இறக்கை கழன்று விழுந்தது. இரண்டு விமானிகளும் இறந்தனர். விமானம் அதுவரை பறந்தது சுமார் 100 மணி நேரம்தான். முறிந்தபோது இறக்கை தாங்கிய சுமை, அது தாங்க வேண்டியதில் பாதிகூட இல்லை. கீலைப் பிடித்திருந்த எஃகுத் தகட்டில், உருக்கி அடித்துச் செய்தபோதே விழுந்த ஒரு விரிசல், சுமார் இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் இருந்திருக்கிறது. தொழிற்சாலைப் பரிசோதனைகள் எல்லாவற்றையும் அது தப்பி வந்தது. பறந்த காலத்தில் அது வளர்ந்தது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அவ்வளவு வலிமையான எஃகு, அவ்வளவு சிறிய விரிசலைக்கூடப் பொறுக்காத நொறுங்கும் தன்மை கொண்டதாக இருந்தது.

இந்த ஒரு விபத்து விமானக் கட்டுமானச் சிந்தனையையே திருப்பிப்போட்டது. உறுப்பு குறையில்லாமல் பிறக்கிறது, பிறகுதான் களைத்துப்போகிறது என்று அதுவரை கணக்குப் போட்டார்கள். குறையோடுதான் பிறக்கிறது என்று வைத்துக்கொண்டு, அந்தக் குறை எவ்வளவு காலத்தில் ஆபத்தாகும் என்று கணக்கிடும் முறையை அமெரிக்க விமானப்படை 1970-களில் கட்டாயமாக்கியது. எஃப்-111 விமானங்களை ஒவ்வொன்றாகக் குளிர்க் கொட்டகைக்குள் தள்ளி, பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக்கு உறையவைத்து, இறக்கையை மேலும் கீழும் வளைத்துப் பார்த்தார்கள். குளிரில் எஃகு இன்னும் எளிதில் உடையும். உடைவதானால் கொட்டகையிலேயே உடையட்டும் என்பதுதான் நோக்கம். ஈவிரக்கமற்ற சோதனைதான், ஆனால் இதை விட அறிவார்ந்த சோதனையை நான் அதிகம் படித்ததில்லை.

மற்ற கோளாறுகளில் ஹைட்ராலிக் ஒன்று. டாம்கேட் முதன்முதலில் பறந்தது 1970 டிசம்பர் 21-இல். ஒன்பது நாள் கழித்து நடந்த இரண்டாவது பறத்தலிலேயே அந்த முதல் விமானம் விழுந்து நொறுங்கியது. பம்பின் துடிப்புக்கு டைட்டானியக் குழாய்கள் ஒத்ததிர்ந்து, களைத்து, விரிசல் விட்டு, ஹைட்ராலிக் திரவம் முழுவதும் வெளியேறிவிட்டது. ஓடுபாதையை எட்டும் தறுவாயில், மரங்களின் உச்சிக்குச் சற்று மேலே, விமானிகள் இருவரும் வெளியேற்று இருக்கையின் துணையோடு தப்பினர். டாம்கேட்டின் இறக்கையும் வாலும் ஒரே ரத்தத்தில் இயங்குபவை. ரத்தம் போனால் இறக்கை எங்கே நிற்கிறது என்பது இரண்டாம் கேள்வி.

எஞ்சின் அதை விடப் பெரிய தலைவலி. எஃப்-111-க்கும் முதல் டாம்கேட்டுக்கும் ஒரே டிஎஃப்30 எஞ்சின்தான். உள்ளே வரும் காற்று சற்றே கலங்கினாலும், அந்தக் காற்றை அழுத்தும் கம்ப்ரசர் திணறும். வெடிச்சத்தம் கேட்கும், உந்துவிசை விழும். இறக்கை முன்னால் விரிந்து, மூக்கு உயர்ந்து, விமானம் மெதுவாகப் பறக்கும் நேரம்தான் காற்று அதிகம் கலங்கும் நேரம். குறைந்த வேகத்திலும் நம்பிப் பறக்கலாம் என்று இறக்கை தந்த துணிச்சலை எஞ்சினால் காப்பாற்ற முடியவில்லை. எஞ்சினுக்கும் விமானத்துக்கும் இவ்வளவு மோசமான பொருத்தத்தைப் பல ஆண்டுகளாகக் கண்டதில்லை என்ற பொருளில், 1984-இல் கடற்படைச் செயலர் ஜான் லேமன் அமெரிக்க நாடாளுமன்றத்திலேயே சொல்லிவிட்டார். பின்னர் வந்த எஃப்110 எஞ்சின்தான் அந்தக் குறையைப் போக்கியது.

டாம்கேட்டின் இரண்டு எஞ்சின்களும் சுமார் 2.7 மீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. ஒன்று நின்று மற்றது முழு வேகத்தில் தள்ளினால் விமானம் பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். 1994 அக்டோபர் 25-இல் ஆபிரகாம் லிங்கன் விமானந்தாங்கிக் கப்பலை நெருங்கிக்கொண்டிருந்த டாம்கேட் விமானி காரா ஹல்ட்கிரீனுக்கு நேர்ந்தது இதுதான். நேர்க்கோட்டிலிருந்து விலகிப்போனதைத் திருத்தும்போது விமானம் பக்கவாட்டில் சறுக்கியது, இடது எஞ்சினுக்குப் போன காற்று கலங்கியது, கம்ப்ரசர் திணறியது. விமானம் இடதுபுறம் உருண்டது. பின்னிருக்கை அதிகாரி முதலில் வெளியேறிப் பிழைத்தார். நொடிக்கும் குறைவான இடைவெளியில் ஹல்ட்கிரீன் வெளியேறியபோது விமானம் ஏறக்குறைய தலைகீழாகிவிட்டிருந்தது.

உயரத்தில் இதே திருப்பம் நேர்ந்து சரிசெய்யாமல் விட்டால் விமானம் தட்டுபோலப் படுத்தவாக்கில் சுழலத் தொடங்கும். காக்பிட் சுழல் மையத்திலிருந்து வெகு முன்னால் இருக்கிறது. விமானியின் இருக்கை 6 மீட்டர் தள்ளியிருக்கிறது, விமானம் விநாடிக்கு அரைச் சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால், அவரை முன்பக்கம் வீசும் விசை அவர் எடையைப் போல ஆறு மடங்கு வருகிறது. பட்டைகள் பூட்டப்படாமல் தளர்ந்திருந்தால் முதுகு இருக்கையை விட்டு விலகிவிடும். வெளியேற்றும் கைப்பிடியை எட்டுவதே போராட்டமாகிவிடும்.

மிக்-23-இன் தொல்லை இதற்கு நேர் எதிரானது: வேகம் குறைய மறுப்பது. 1984 ஏப்ரல் 26-இல் அமெரிக்க விமானப்படையின் லெப்டினன்ட் ஜெனரல் ராபர்ட் பாண்ட், நெவாடாவில் ரகசியமாக வைத்திருந்த ஒரு மிக்-23-ஐ ஓட்டிப் பார்த்தார். இறக்கையை முழுவதும் மடக்கி ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தைத் தொட்ட பிறகு விமானம் அவர் கைக்கு அடங்கவில்லை. அந்த வேகத்தில் த்ராட்டிலைப் பின்னால் இழுக்கவிடாமல் தடுக்கும் ஓர் அமைப்பு அந்த எஞ்சினில் உண்டு. எஞ்சினைப் பாதுகாப்பதற்காகவே அதை வைத்திருந்தார்கள். அவர் வெளியேறினார், பிழைக்கவில்லை.

சரி, தொடங்கிய கேள்விக்கு வருவோம். இறக்கை உண்மையாகவே நகர மறுக்கிறது. விமானி என்ன செய்வார்?

இரண்டும் சேர்ந்து பின்னால் சிக்கிக்கொண்டால் பிரச்சினை எளிமையானது, ஆனால் முரடானது. தூக்குவிசை குறைவு, அதை ஈடுகட்டும் ஃப்ளாப்பும் கிடையாது. மடங்கிய இறக்கையின் ஃப்ளாப்பைக் கீழே இறக்கினால் அது உடலில் இடிக்கும் என்பதால் டாம்கேட்டில் அதற்குப் பூட்டே போட்டிருக்கிறார்கள். இறக்கை 57 டிகிரியைத் தாண்டினால் இறக்கை மேல் எழும்பித் தூக்கைக் குறைக்கும் ஸ்பாய்லர் தகடுகளும் வேலை செய்யாது. விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க வாலின் இரு பாதிகளும் எதிரெதிராக அசைவதுதான் ஒரே வழி. மிஞ்சியிருப்பது வேகம். தூக்குத்திறன் பாதியாகிவிட்டால் வேகத்தை 1.4 மடங்காக்க வேண்டும். மணிக்கு 240 கிலோமீட்டரில் இறங்க வேண்டிய விமானம் 340-இல் இறங்கும். அதைச் சக்கரத்தின் பிரேக் நிறுத்த வேண்டிய ஆற்றலாகப் பார்த்தால் இரண்டு மடங்கு. கப்பலின் தடுப்புக் கம்பிக்கும் ஒரு எல்லை இருக்கிறது. அந்த வேகத்தை அது தாங்காது. நீண்ட ஓடுபாதை உள்ள கரைத் தளத்தைத் தேட வேண்டியதுதான்.

ஓர் இறக்கை மட்டும் நின்றுபோனால் கணக்கை விட நுணுக்கம்தான் முக்கியம். விரிந்த இறக்கை அதிகம் தூக்கும்; மடங்கியது குறைவாகத் தூக்கும்; விமானம் மடங்கிய பக்கம் உருளப் பார்க்கும். விமானி கட்டுப்பாட்டுத் தண்டை எதிர்ப்பக்கம் சாய்த்துப் பிடிப்பார். வேகமாகப் பறக்கும்வரை சிறு சாய்வு போதும். மெதுவாகப் போகப் போக மூக்கை உயர்த்த வேண்டும். மூக்கு உயர உயர விரிந்த இறக்கையின் தூக்கு வேகமாகக் கூடும், மடங்கியதில் மந்தமாகவே கூடும். வித்தியாசம் பெருகும். தண்டு இன்னும் கொஞ்சம் சாயும், இன்னும் கொஞ்சம். அது கடைசி எல்லையில் முட்டி நின்ற பிறகும் விமானம் உருண்டால், செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

அந்த எல்லையைத் தரைக்குப் பக்கத்தில் போய்த் தெரிந்துகொள்ளக் கூடாது. அதனால் மூவாயிரம் மீட்டர் போன்ற உயரத்திலேயே இறங்கும் ஒத்திகை நடக்கும். சக்கரங்களை இறக்கு. நேராக வை. வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறை. ஒவ்வொரு படியிலும் தண்டு எவ்வளவு தூரம் சாய்ந்திருக்கிறது என்று பார். பக்கத்தில் இன்னொரு விமானம் இருந்தால் இறக்கை, வால், சக்கரம் மூன்றையும் அவர் கண்ணால் பார்த்துச் சொல்வார். கருவி காட்டும் கோணத்தை அந்த நேரத்தில் நம்ப வேண்டியதில்லை. தண்டில் இன்னும் கணிசமான இடம் மிச்சமிருக்கும்போதே நிறுத்திக்கொள். அந்த வேகத்தைக் குறித்துக்கொள், அதன் மேல் கொஞ்சம் கூட்டு. அதற்குக் கீழே சக்கரம் தரையைத் தொடும்வரை போகக் கூடாது. அப்புறம் எதையும் மாற்றக் கூடாது: ஃப்ளாப்பைத் தொடாதே, சிக்கிய இறக்கையை இன்னொரு தரம் அசைத்துப் பார்க்காதே. ஒத்திகையில் அடங்கிய விமானம் அந்த உருவத்தில்தான் அடங்கியது.

இறுதி அணுகுமுறை நீளமாக, தட்டையாக, கூர்மையான திருப்பம் இல்லாமல் இருக்கும். வாலடியில் இருக்கும் கொக்கியை இறக்கிவிடுவார்கள். கடற்படை ஓடுபாதைகளில் குறுக்கே கம்பி போட்டிருப்பார்கள், அதைப் பிடித்தால் பிரேக்குக்கு வேலை குறையும். கம்பி தப்பினால் ஓடுபாதையின் முழு நீளமும் தேவைப்படும். விமானம் நின்ற பிறகும் தீயணைப்பு வண்டிகள் சட்டென்று பக்கத்தில் வருவதில்லை. பழுத்துச் சிவந்த சக்கரங்கள் ஆறும்வரை, டயர் வெடித்தால் துண்டுகள் பறக்கும் பக்கவாட்டை விட்டு விலகி, முன்னாலோ பின்னாலோ தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.